ஆடும் பேய்ப்பாவை

அச்சந்தரும் பொருளைக் கண்டால் விலகி ஓடுதல் மக்களின் இயல்பு. ஆயினும், அச்சத்தையே விளையாட்டாக்கி மகிழும் நாளொன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அஃது அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள். ஹாலோவீன் என்பது அதன் பெயர். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறிய மக்கள் இவ்வழக்கத்தை அந்நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அன்று மாலை சிறுவர் சிறுமியர் பேய், பூதம், சூனியக்காரி முதலிய வேடங்கள் புனைந்து, வீடுதோறும் சென்று இனிப்புப் பண்டம் பெறுவர். வீட்டார் பரங்கிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாயிலில் வைப்பர். கைவினையில் ஆர்வம் மிக்கோர் இவ்வளவில் அமைவதில்லை. கைவீசிப் பறக்கும் பேயையும், பெட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும் எலும்புக்கூட்டையும் தாமே செய்து முற்றத்தில் நிறுத்துவர். அவற்றை ஆட்டுவது மின் மோட்டார். அதற்கு மின்சாரம் ஊட்டும் முறையையும், அதன் வேகத்தை அடக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

மரப்பாவை கயிற்றின் இயக்கத்தால் உயிருள்ளது போலத் தோன்றி மயக்குவதைத் திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டார். அக்கயிற்றை இழுக்கும் கைக்கு ஈடாக ஒரு மோட்டாரை வைத்துவிட்டால், அதுவே ஹாலோவீன் பேய். 'ஃபிளையிங் கிராங்க் கோஸ்ட்' என அந்நாட்டார் வழங்கும் பாவை இதற்குத் தக்க சான்றாகும். மெல்லிய வெண்டுகில் போர்த்த தலையும் இரு கைகளும் மூன்று கயிறுகளில் தொங்கும். கயிறுகள் மேலே உள்ள சட்டத்தின் வளையங்கள் வழியாகச் சென்று, மோட்டாரின் அச்சிற் பொருத்திய ஒரு கோலின் நுனியில் முடியும். கோல் சுழலுங்கால், மூன்று கயிறுகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வருவதால், தலை உயரும் வேளையில் ஒரு கை தாழும். மற்றொரு கை இடைவழியில் நிற்கும். சுழற்சி ஒன்றே, அசைவுகளோ மூன்று. இருளில் நிற்பவனுக்கு அப்பேய் காற்றில் நீந்துவது போலவே தோன்றும். இத்துணை எளிய அமைப்பு இத்துணை மயக்கம் விளைப்பது வியப்பன்றோ?

இத்தொழிலுக்கு அவர்கள் பெரிதும் விரும்புவது மோட்டார் வண்டியின் கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் மோட்டாரையே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி 1903ஆம் ஆண்டில் கண்ணாடி துடைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது கையால் நெம்புகோலை அசைத்து இயக்கப்படுவது. மின் மோட்டார் பின்னரே வந்து சேர்ந்தது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் இம்மோட்டார் மலிவாகக் கிடைக்கும். 12 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் இயங்கும். இதனுள்ளே சுழலும் சுருள் மிக விரைந்து சுழல்வது. ஆயின் அதன் அச்சில் ஆணியின் புரி போன்ற திருகு ஒன்று உளது; அத்திருகு ஒரு பெரிய பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளும். அதனால் வேகம் குறைந்து வலிமை மிகும். வெளியே நீளும் அச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 முதல் 70 முறையே சுழலும்.

இத்திருகில் ஒரு தீமையும் உண்டு. திருகு சக்கரத்தைத் தள்ளும். சக்கரம் திருகைப் பின்னோக்கித் தள்ளுவது அரிது. கோலுக்கும் சட்டத்திற்கும் இடையில் ஒரு குழந்தையின் விரல் அகப்பட்டதெனின், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கோலைக் கையால் விலக்குதல் இயலாது போகலாம். ஆதலின், கோலையும் சக்கரத்தையும் எட்டாத உயரத்தில் வைத்து மூடிவிட வேண்டும். கீழே வருவது கயிறு மட்டுமே. கயிறு இழுக்கும், தள்ளாது. அதுவும் சற்று மெல்லியதாயின், தடைப்படுமிடத்துத் தானே அறும். இரும்புக் கோல்களாலேயே கையை ஆட்டும் பாவைகளினும் கயிற்றுப் பாவையே மேலானது என யான் கருதுவது இதனாலேயே.

இனி, மின்சாரம் ஊட்டுதல். அமெரிக்க வீடுகளில் வரும் மின்சாரம் 120 வோல்ட்டு மாறுமின்னோட்டம். அதனை இம்மோட்டாரில் நேரே இணைத்தால் மோட்டாரும் எரியும். ஆளுக்கும் ஊறு நேரும். பழைய கணிப்பொறியிலுள்ள மின்வழங்கிப் பெட்டி 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் நேர்மின்னோட்டமாகத் தருவதால், பலர் அதனைக் கழற்றிப் பயன்படுத்துகின்றனர். பெட்டியை வீட்டினுள் உலர்ந்த இடத்தில் வைத்து, 12 வோல்ட்டுக் கம்பியை மட்டும் முற்றத்திற்குக் கொண்டுசெல்வதே முறை. அக்டோபர் மாதத்து இரவுகள் பனியும் மழையும் உடையன அல்லவா? கம்பி தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். நெடிய மெல்லிய கம்பியின் மின்தடை ஓர் ஓம் ஆயின், 3 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட்டு வழியிலேயே வீணாகும்.

மோட்டார் தடையின்றிச் சுழல்கையில் குறைந்த மின்னோட்டத்தையே கொள்ளும். தடுத்து நிறுத்தினால் மிகுதியாகக் கொள்ளும். உழைப்பவன் உண்பான், நின்றவன் அதனினும் மிகுதியாக உண்பதேன்? சுழலும் சுருள் காந்தப்புலத்தில் தானும் ஒரு மின்னாக்கியாகி, வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கும். சுருளின் மின்தடை ஓர் ஓம் எனக் கொள்வோம். சுழலும்போது 12 வோல்ட்டில் 9 வோல்ட்டை இவ்வெதிர்ப்பு ஈடுசெய்தால், எஞ்சிய 3 வோல்ட்டால் 3 ஆம்பியரே ஓடும். அப்போது சுருளில் எழும் வெப்பம் 9 வாட்டு. சுழற்சி நின்றாலோ எதிர்ப்பு முற்றும் ஒழியும். 12 ஆம்பியர் ஓடும். வெப்பம் 144 வாட்டு ஆகும். பதினாறு மடங்கு! பேயின் துகில் கோலில் சிக்கிக்கொண்டதை எவரும் காணாதிருந்தால், சில நிமிடங்களில் சுருள் கருகும். அருகில் வைக்கோலோ துணியோ இருப்பின் தீயும் பற்றக்கூடும். இதற்காகவே 5 ஆம்பியர் அளவுள்ள உருகி ஒன்றைக் கம்பியின் இடையில் சேர்ப்பர். புறப்படும் கணத்தில் மோட்டார் நின்ற நிலையில்தானே இருக்கிறது? ஆதலால் அக்கணமும் மிகுந்த மின்னோட்டம் பாயும். சற்றுத் தாமதித்து உருகும் வகையையே தேர்தல் வேண்டும்.

நிமிடத்திற்கு 40 சுழற்சி என்பதும் பேய்க்கு விரைவு மிகுதியே. விரைந்து ஆடும் பேய் நகைப்பை விளைக்கும். மெல்ல ஆடுவதே அச்சுறுத்தும். வேகத்தைக் குறைக்க இடையில் ஒரு மின்தடையைச் சேர்க்கலாமெனத் தோன்றும். 2 ஓம் தடையைச் சேர்த்தால், 3 ஆம்பியர் ஓடும்போது அது 6 வோல்ட்டைத் தான் கொள்ளும். பளு ஏறி மோட்டார் 4 ஆம்பியர் வேண்டும்போதோ 8 வோல்ட்டைக் கொள்ளும். வலிமை மிகவும் வேண்டப்படும் வேளையில் மோட்டாருக்குக் கிட்டுவது குறைகின்றது. பேய் பாதிவழியில் நின்றுவிடுகின்றது. சிறந்த வழி வேறு. டிரான்சிஸ்டர் என்னும் சிறு கருவியால் மின்சாரத்தை வினாடிக்குப் பல நூறு முறையோ ஆயிரக்கணக்கான முறையோ நிறுத்தி நிறுத்தி விடுவர். பாதி நேரம் விட்டுப் பாதி நேரம் நிறுத்தினால், சராசரி 6 வோல்ட்டாகும். சுழல்வது கனமுள்ள பொருளாதலால் இவ்விட்டுவிட்ட தள்ளலை உணராது சீராகவே சுழலும். பளு ஏறும்போது விழுங்குவதற்கு இடையில் தடை ஏதும் இல்லை; வீண் வெப்பமும் சிறிதே.

பேய் இரவு முழுதும் ஆடிக்கொண்டிருப்பதினும், ஆள் வந்தபோது ஆடுதல் நன்று. உடல் வெப்பத்தின் அசைவை அகச்சிவப்புக் கதிர்களால் உணரும் சிறு கருவியை வாயிலருகே வைப்பர். அது விடுக்கும் சிறு மின்னோட்டம் ரிலே என்னும் காந்தப் பொறியை இழுத்து, மோட்டாருக்குச் செல்லும் பெருமின்னோட்டத்தை இணைக்கும். சில நொடிகள் கழித்து இணைப்பு அறும். அப்போது கை நடுவானில் நின்றுவிடாதோ எனின், அதற்கும் வண்டி செய்தோரே வழி வகுத்துவிட்டனர். துடைப்பான் கண்ணாடியின் நடுவே நின்று பார்வையை மறைக்காதவாறு மோட்டாரினுள் ஒரு சுழல்தகடும் தொடுமுனையும் அமைத்துள்ளனர். விசையை நிறுத்திய பின்னும், கோல் தன் தொடக்க இடத்தை அடையும்வரை அவ்வழியே மின்சாரம் ஓடும். அந்தக் கம்பியையும் முறையாக இணைத்துவிட்டால், பேய் தன் கைகளை மெல்லத் தாழ்த்தி, தலை கவிழ்ந்து, அடுத்த சிறுவன் வாயிலை நெருங்கும்வரை அசையாது தொங்கும்.