காப்சாயில் மாரான் வரை: சீட் விஷயம்

டெங்கிலில் குடியிருந்து சைபர்ஜெயாவுக்கோ புத்ராஜெயாவுக்கோ மோட்டாரில் வேலைக்குப் போய்வருகிறவர் சீட்டைப் பற்றி நினைப்பதே இல்லை. உட்கார்ந்து சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும். அதே ஆள் பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவரைப் பார்க்க அதே காப்சாயில் கிளம்பட்டும். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் முடிவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்வார். பெந்தோங் தாண்டியதும் கால்மிதியில் எழுந்து நின்று ஓட்டுவார். ஊர் திரும்பிய வாரமே குஷன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "பாஸ், ஸ்பாஞ்சு நல்லா மெத்துன்னு போட்டுக் குடுங்க" என்பார்.

காசு வீணாவது அந்த வார்த்தையில்தான்.

உட்காரும்போது உடம்பைத் தாங்குவது சதையல்ல, எலும்பு. இடுப்பெலும்பின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முண்டுகள் உண்டு. பலகையில் உள்ளங்கையை அடியில் கொடுத்து உட்கார்ந்து பார்த்தால் கையில் குத்தும். மேலுடம்பின் பாரத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு முனைகளில்தான் இறங்குகிறது. அவற்றுக்கும் சீட்டுக்கும் நடுவே அகப்பட்ட சதையில் மயிரிழை போன்ற ரத்த நாளங்கள் ஓடுகின்றன. 1930இல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க உடலியலாளர் இத்தகைய நாளங்களின் அழுத்தத்தை விரல் நகத்தடியில் அளந்தார். ரத்தம் உள்ளே நுழையும் முனையில் அது சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். கடினமான பரப்பில் உட்கார்ந்தவரின் எலும்பு முனைக்கடியில் அழுத்தம் 100ஐச் சாதாரணமாகத் தாண்டும். நாளம் நசுங்கி ரத்தம் நின்ற இடம் முதலில் எரியும், பிறகு வலிக்கும், கடைசியில் மரத்துப்போகும். வீட்டு நாற்காலியில் நமக்கே தெரியாமல் நெளிந்து நெளிந்து ரத்தத்துக்கு வழிவிடுகிறோம். மோட்டாரில் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது, நெளிய முடியாது.

ஆக, பாரத்தை அந்த இரு முனைகளிலிருந்து பிட்டம் முழுவதற்கும், முடிந்தால் தொடைக்கும் பரப்பிவிடுவதுதான் சீட்டின் வேலை. மெத்தென்ற ஸ்பாஞ்சு அதைச் செய்வதுபோல் ஏமாற்றும். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எலும்புகள் ஸ்பாஞ்சை நசுக்கிக்கொண்டு இறங்கி, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டை எட்டிவிடும். அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக்கின் மேல். கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் நகரிலிருந்து வரும் கார்பின் சீட்டுகள் இதற்கு நேரெதிர். 1968இல் மைக் கார்பின் தொடங்கிய தொழில் அது. கெட்டியான நுரையில் பிட்டத்தின் வடிவத்துக்கே குழித்துச் செய்வார்கள். புதிதாக வாங்கியவர் முதல் வாரம் பலகை என்று திட்டுவார். ஆனாலும் தூரப் பயணிகளிடம் அதற்குப் பெயர் உண்டு. அமெரிக்காவில் 'அயர்ன் பட்' என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு சங்கம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டியவருக்குச் சான்றிதழ் தருகிறது. நமது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய், அதே நாளில் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் ஆகும். சங்கத்தின் பெயரிலேயே எதை இரும்பாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

குஷன் கடையில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். ஸ்பாஞ்சு எவ்வளவு கெட்டி? எவ்வளவு அடர்த்தி? இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தினால் எவ்வளவு எதிர்க்கிறது என்பது கெட்டித்தன்மை. ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு எத்தனை கிலோ என்பது அடர்த்தி. சோபாவுக்குப் போடும் மலிவுச் சரக்கு 20 கிலோவை ஒட்டி இருக்கும். மோட்டார் சீட்டுக்கென்றே வார்க்கும் நுரை 50 கிலோவையும் தாண்டும். அடர்த்தி குறைந்த ஸ்பாஞ்சிலும் கெட்டியான ரகம் உண்டு. அது முதல் மாதம் ஜோராக இருந்து, தீபாவளி வருவதற்குள் பள்ளம் விழுந்துவிடும். வெட்டி எறிந்த துண்டுகளை ஒட்டி அழுத்திய, பல நிறப் புள்ளிகளோடு இருக்கும் ஸ்பாஞ்சைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் மட்டம் என்று முகம் சுளிக்க வேண்டாம். அடியடுக்குக்கு அது நல்ல சரக்கு. அதன்மேல் ஒரு விரற்கடை மிதமான ஸ்பாஞ்சு போதும்.

இன்று அநேகமாக எல்லா ஸ்பாஞ்சும் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பொருள் அது. அதற்கு முன்பே இந்த வேலைக்கு ரப்பர் பால் வந்துவிட்டது. 1929இல் பர்மிங்ஹாமில் டன்லப் கம்பெனியின் இ.ஏ. மர்ஃபி ரப்பர் பாலை நுரைக்க நுரைக்க அடித்து, உறையவைத்து, சூட்டில் பதப்படுத்தி மெத்தையாக்கினார். அந்த டன்லப்புக்கு மலாயாவில் பெருந்தோட்டங்கள் இருந்தன. டெங்கில் வாசகர்களுக்கு இதில் சொந்தம் கொண்டாட இடமுண்டு. தாமான் பெர்மாத்தாவின் பல குடும்பங்கள் புத்ராஜெயா எழும்புவதற்காக பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களிலிருந்து 1990களில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் திறந்த பிராங் பெசாரில் தேர்ந்தெடுத்த ரப்பர் மர வகைகள், 'பிபி' என்ற முன்னெழுத்தோடு எத்தனையோ நாடுகளில் நடப்பட்டன. ரப்பர் நுரை அழுத்தியதும் துள்ளி எழும். எளிதில் பள்ளம் விழாது. விலையும் எடையும் அதிகம் என்பதால் மோட்டார் சீட்டில் பாலியூரித்தேனிடம் தோற்றது. பழைய லேட்டக்ஸ் மெத்தை ஒன்று வீட்டில் நொறுங்காமல் இருந்தால் குஷன் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், சரக்கைவிட வடிவம் முக்கியம். காப்சாய் சீட் முன்பக்கம் ஒடுங்கி, கொஞ்சம் சரிந்தும் இருக்கும். பிரேக் போடப் போட உடம்பு முன்னால் வழுக்கும்; அதைக் கைகள் ஹேண்டிலில் ஊன்றித் தடுக்கும்; மணிக்கட்டும் தோளும் வலிக்கும். அந்த வலிக்கும் சீட்தான் காரணம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. உட்காரும் இடம் மட்டமாகவோ, ஒரு நூல் பின்சரிவாகவோ இருந்தால் இது நிற்கும். அகலத்துக்கு எளிய சோதனை உண்டு. கடையில் சாமான் வரும் நெளிநெளி அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக் கெட்டியான நாற்காலியில் போட்டு, சற்று முன்சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். குழியின் மையத்திலிருந்து மையத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். பெண்களுக்குப் பொதுவாகக் கூடுதல். சீட்டின் மட்டமான பரப்பு அந்த அளவுக்கு மேல் இரு பக்கமும் தாராளமாக நீள வேண்டும். எலும்பு முனை சீட்டின் வளைவில் விழுந்தால் எந்த ஸ்பாஞ்சும் காப்பாற்றாது.

ஜெல், மெமரி ஃபோம் என்று விற்பவற்றை நம் வெயிலில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். மெமரி ஃபோம் 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது. சூடானால் இளகுவது அதன் குணம். சிப்பாங் வெயிலில் நிறுத்திய வண்டியில் அது உட்காரும் முன்பே இளகிக் கிடக்கும். ஜெல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் விடாது. சீட்டின் மேல் மாட்டும் வலை உறை மலிவு. அடியில் காற்று ஓடுவதால் வேர்வை தேங்காது. அதிகம் கைகொடுப்பது அறை அறையான காற்று மெத்தை. ஏர்ஹாக் என்ற பெயரில் வருவது, சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்க மெத்தை செய்யும் ரோஹோ கம்பெனியின் சரக்கு. எலும்பு முனைக்கடியில் ஏறும் அழுத்தத்தோடு போராடுகிற தொழில்தான் அதுவும். வாங்கியவர் செய்யும் தவறு, காற்றைத் திம்மென்று அடைப்பது. உட்கார்ந்தபடியே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எலும்பு அடிச்சீட்டைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது மூடிவிட வேண்டும். வளைவுகளில் லேசாக ஆடும், பழகிக்கொள்ளலாம்.

குஷன் கடைக்காரர் வேலை செய்வதைக் கூடவே நின்று பாருங்கள். சீட்டைக் கவிழ்த்து, ரெக்சினைப் பிடித்திருக்கும் ஸ்டேப்ளர் முள்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். ஸ்பாஞ்சை நீளக் கத்தியால் சீவி, கிரைண்டரால் தேய்த்து, பசை பூசி அடுக்குவார். உறையை மூக்கிலும் வாலிலும் முதலில் அடித்து, பிறகுதான் பக்கங்களை இழுப்பார். ரெக்சினை இழுக்கும் முன் ஒருமுறை ஸ்பாஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள். திருத்துவதென்றால் அப்போதுதான். தையல் உட்காரும் இடத்தில் வராமல் பக்கவாட்டில் வரட்டும். மாலை நான்கு மணி மழை தையல் ஓட்டை வழியே இறங்கினால் ஸ்பாஞ்சு குடித்துவிடும். மறுநாள் காலையில் கால்சட்டை நனையும். ஸ்பாஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போடச் சொன்னால் ஓரளவு தப்பலாம். இஎக்ஸ்5 காப்சாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை: பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன்பக்கம் ஸ்பாஞ்சைக் கூட்டிவிட்டால் சீட் முழுதாகத் திறக்காது, பெட்ரோல் நிலையத்தில் தலையைச் சொறிய வேண்டிவரும். உயரம் கூடினால் முழங்காலுக்கு நல்லது. ஆனால் குள்ளமானவருக்குச் சமிக்ஞை விளக்கில் கால் எட்டாது. பின்னால் உட்காரும் மனைவியையும் அழைத்துப்போய் உட்கார வையுங்கள். பின்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை, மாரான் போய்த் திரும்பும் வரை புலம்பலைக் கேட்பது ஓட்டுபவர்தான்.

கம்பெனி சீட்டில் கை வைக்காதீர்கள். பழைய சாமான் கடையில் அதே மாடலின் கிழிந்த சீட் ஒன்றை வாங்கி, அந்தத் தட்டின் மேல் புதியதைக் கட்டச் சொல்லலாம். வேலைக்குப் போக ஒன்று, தூரம் போக ஒன்று. வண்டியை விற்கும்போது கம்பெனி சீட்டை மாட்டிக் கொடுத்துவிட்டு, கட்டிய சீட்டை வைத்துக்கொள்ளலாம்.