தருக்க வாயில்களில் நார் வாயிலின் பொதுமைப் பண்பு

முன்னுரை

இலக்க மின்னணுவியல் சுற்றுகள் 0, 1 என்னும் இரு நிலைகளைக் கொண்டு இயங்குகின்றன. இந்நிலைகளை உள்ளீடாகப் பெற்று, வரையறுத்த விதிப்படி ஒரு வெளியீட்டைத் தரும் சுற்று தருக்க வாயில் எனப்படும். ஜார்ஜ் பூல் வகுத்த இயற்கணிதத்தை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டிய கிளாட் ஷானனின் கட்டுரை 1938இல் வெளிவந்தது. அண்ட், ஆர், நாட் ஆகிய மூன்றும் அடிப்படை வாயில்களாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. எனினும், நார் வாயில் ஒன்றைக் கொண்டே இம்மூன்றையும் அமைக்க இயலும். இப்பண்பையும் அதன் நடைமுறைப் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நார் வாயிலின் செயல்பாடு

ஆர் வாயிலின் வெளியீட்டைத் தலைகீழாக்கித் தருவது நார் வாயில். உள்ளீடுகள் அனைத்தும் 0 ஆக இருந்தால் மட்டுமே இதன் வெளியீடு 1 ஆகும். ஏதேனும் ஓர் உள்ளீடு 1 ஆயினும் வெளியீடு 0 ஆகிவிடும்.

பிற வாயில்களை அமைத்தல்

நார் வாயிலின் இரு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்தால் அது நாட் வாயிலாகச் செயல்படும். நார் வாயிலின் வெளியீட்டை மீண்டும் தலைகீழாக்கினால் ஆர் வாயில் கிடைக்கும். இதற்கு இரண்டு நார் வாயில்கள் தேவை. இரு உள்ளீடுகளையும் தனித்தனியே தலைகீழாக்கி மூன்றாவது நார் வாயிலுக்குச் செலுத்தினால் அண்ட் வாயில் அமையும். இதற்கு அடிப்படை டி மார்கன் விதியாகும். மேலும், இரு நார் வாயில்களைக் குறுக்காக இணைத்து ஒரு பிட்டைச் சேமிக்கும் நினைவகச் சுற்றையும் உருவாக்கலாம். ஒரே செயலியைக் கொண்டு பூலியன் இயற்கணிதம் முழுவதையும் அமைக்கலாம் என்பதை ஹென்றி ஷெஃபர் 1913இல் நிறுவினார்.

அப்பல்லோ கணினி

இக்கோட்பாட்டின் பயனை அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினியில் காணலாம். 1969 ஜூலையில் நிலவில் மனிதர் இறங்கத் துணைநின்ற அக்கணினியின் தருக்கப் பகுதி, மூன்று உள்ளீடுகள் கொண்ட நார் வாயில்களால் மட்டுமே அமைந்தது. ஒருங்கிணைந்த சுற்றுகள் அன்று புதியவை; அவற்றின் நம்பகத்தன்மை பரவலாக மெய்ப்பிக்கப்படவில்லை. பல வகைச் சுற்றுகளைப் பயன்படுத்தியிருந்தால் வாயில்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே சோதிக்க நேர்ந்திருக்கும். ஒரே வகையைப் பேரளவில் பெற்றதால், உற்பத்தி அனுபவமும் சோதனையும் அதன்மீதே குவிந்தன. குறைகளைக் கண்டறிந்து களைவதும் எளிதாயிற்று.

முடிவுரை

வாயில்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே சிறந்த வடிவமைப்பு என்பது எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது. பழுது நேர்ந்தால் உயிரிழப்பு ஏற்படும் இடத்தில், எண்ணிக்கை மிகுந்தாலும் நன்கு சோதிக்கப்பட்ட ஒரே உறுப்பைப் பயன்படுத்துவது ஏற்புடையதாகிறது. பொதுமை வாயில்களைக் கற்பிக்கும்போது, உண்மை அட்டவணையுடன் இத்தகைய தெரிவின் காரணத்தையும் இணைத்துக் கற்பித்தல் பயன் தரும்.