கச்சேரி மேடையும் கையடக்கக் காமிராவும்

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் ஓய்ந்துவிட்ட இரவு நேரம். காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில் திருவிழாக் கச்சேரி. நீங்கள் மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கையடக்கக் காமிராவில் படமெடுக்கிறீர்கள். பளிச்சென்று ஃபிளாஷ் மின்னுகிறது. படத்தில் தெரிவதென்ன? முன்வரிசைக்காரர்களின் பின்னந்தலைகள்! மேடையோ மங்கலாக இருக்கிறது. ஏன் தெரியுமா?

தொலைவு இரண்டு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். 3 மீட்டரில் விழும் ஒளியில் 16-இல் ஒரு பங்குதான் 12 மீட்டரில் விழும். சிறிய ஃபிளாஷ் பாடகரின் கண்ணைக் கூசச் செய்யுமே தவிர, உங்கள் படத்துக்கு உதவாது. முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

இனி மேடை விளக்குதான் துணை. அது நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றலாம். ஆனால் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேடையிலோ சில நூறு லக்ஸ்தான். தொலைவில் இருப்பதைப் பெரிதாக்க 'ஜூம்' செய்தால், பல சிறு காமிராக்களில் லென்சின் திறப்பும் சுருங்கிவிடும். எஃப் 2.8 என்பது எஃப் 5.6 ஆனால் ஒளி நான்கில் ஒரு பங்கே! ஆகவே ஜூம் செய்வதைவிட முன்னால் போய் உட்காருவதே மேல்.

குறைந்த ஒளியைச் சேர்க்க ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அசையும் கை, 1/30 விநாடியில் 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், படம் கலங்கும். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாம். அளவு மீறினால் படமெங்கும் புள்ளிகள் தோன்றும்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. தறியில் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்கிறது. ஆனால் திரும்பி வருமுன் ஓரத்தில் நின்றுதானே ஆகவேண்டும்? முன்னும் பின்னும் அசையும் எந்தப் பொருளும் திசை மாறும் கணத்தில் நிற்கிறது. வயலின் வில்லும் அப்படித்தான். பாடகர் ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும்போது அவர் முகமும் அசைவதில்லை. அந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்துங்கள். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் அது வருவது முன்கூட்டியே தெரியும்.

1920-களில் ஜெர்மனியின் எரிக் சாலமன், எர்மனாக்ஸ் என்ற சிறு காமிராவால் ஃபிளாஷ் இல்லாமலே மாநாட்டு அறைகளுக்குள் படமெடுத்துப் புகழ் பெற்றார். அகன்ற திறப்புள்ள லென்சும் பொறுமையுமே அவருடைய கருவிகள்.

நீங்களும் பழகிப் பாருங்கள். நெசவாளர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, காமிராவைத் தூணில் சாய்த்து, ஓடும் நாடாவை ஒரு படமும், ஓரத்தில் நிற்கும் நாடாவை ஒரு படமும் எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு விழாக் குழுவினரிடம் அனுமதி பெற்றுக் கச்சேரிக்குச் செல்லுங்கள். காது சொல்லும்போது விரல் அழுத்தட்டும்!