எஸ்க்யூஎல் டிலைட் செட்டப்: பில்டுல விழட்டும், ஷிஃப்ட்ல விழ வேண்டாம்

(பேசினதை வாசிக்கத் தோதா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன கான்ஃபிகரேஷன் பத்திப் பேசப் போறோம். கிரேடில் ஃபைல்ல மொத்தமே பத்து வரி இருக்கும். அதுல ஒரு வரியை நான் அவசரத்துல மாத்தினதால, ஒரகடத்துல ஒரு ஸ்டோர்ஸ்ல ராத்திரி முழுக்க நோட்டுல எழுதி எண்ணினாங்க.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கிற இடம்தான் ஒரகடம் ஜங்ஷன். ரெனோ-நிசான் ஆலை 2010-லயும், பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-லயும் இங்க வந்துச்சு. பெரிய ஆலைகளைச் சுத்தி பார்ட்ஸ் செஞ்சு கொடுக்கிற கம்பெனிகள் ஏராளம். அப்படி ஒரு கம்பெனி ஸ்டோர்ஸுக்குத்தான் நாங்க ஆப் செஞ்சோம். ட்ராலியில இருக்கிற பார்கோடை கையடக்க ஸ்கேனர்ல ஸ்கேன் பண்ணணும், எண்ணிக்கை ஏறணும். ஷெட்டோட பின்பக்கம் வைஃபை எட்டாது. அதனால எல்லாம் முதல்ல ஸ்கேனர்லயே எஸ்க்யூலைட்ல சேவ் ஆகும். வைஃபை கிடைக்கும்போது சர்வருக்குப் போகும்.

அந்த டேட்டாபேஸ் கோடுக்கு நாங்க எடுத்தது எஸ்க்யூஎல் டிலைட்.

இந்த பிளகின் என்ன பண்ணுது?

ஸ்கொயர் கம்பெனியில இருந்து 2016-ல வந்த ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் இது. நீங்க 'டாட் எஸ்க்யூ' ஃபைல்ல நேரா எஸ்க்யூஎல் எழுதுவீங்க. மேல கிரியேட் டேபிள், கீழ ஒவ்வொரு குவெரிக்கும் ஒரு பெயர். பில்ட் ஓடும்போது பிளகின் அதைப் படிச்சு, அந்தப் பெயர்லயே காட்லின் ஃபங்ஷன்களை எழுதிக் கொடுத்துடும். இல்லாத காலத்தைக் கேட்டா பில்டே நிக்கும். கோ லாங்குவேஜ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு எஸ்க்யூஎல்சி தெரிஞ்சிருக்கும். அதே குடும்பம்தான்.

செட்டப்புக்கு கட்டாயம் வேண்டியது ரெண்டே ரெண்டு: டேட்டாபேஸோட பெயர், ஜெனரேட் ஆகிற கோடு போக வேண்டிய பேக்கேஜ் பெயர். பழைய பதிவுகளைப் பார்த்து காப்பி பண்றவங்க ஒண்ணு கவனிங்க. 2023-ல வந்த 2.0 வெர்ஷன்ல பிளகின் ஐடியே மாறிடுச்சு. 'காம் டாட் ஸ்கொயர்அப்'னு ஆரம்பிச்சா அது பழசு. இப்ப 'ஆப் டாட் கேஷ் டாட் எஸ்க்யூஎல்டிலைட்'.

இதோட நிறுத்தினாலும் ஆப் ஓடும். நாங்களும் அதோட நிறுத்தினோம். நம்ம கையை சுடறது மிச்சம் இருக்கிற ரெண்டு செட்டிங்தான்.

முதல் செட்டிங்: டயலெக்ட்

ஆண்ட்ராய்டுல எஸ்க்யூலைட் ஓஎஸ்ஸோட சேர்ந்தே வருது. அதனால போனுக்குப் போன் வெர்ஷன் வேற. ஆண்ட்ராய்டு 8-ல 3.18, 8.1-ல 3.19, ஆண்ட்ராய்டு 11-ல 3.28. உங்க மின்எஸ்டிகே என்னன்னு பார்த்து, அதுக்குப் பொருந்துற டயலெக்டை பிளகினே எடுத்துக்கும்.

எங்க மின்எஸ்டிகே 26, அதாவது ஆண்ட்ராய்டு 8. நான் ஒரு அப்செர்ட் எழுதினேன்: ட்ராலி புதுசுன்னா இன்சர்ட், ஏற்கெனவே இருந்தா எண்ணிக்கையை மட்டும் ஏத்து. 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்'. அடியில சிவப்புக் கோடு விழுந்துச்சு. தேடிப் பார்த்தேன், டயலெக்டை 3.24-னு மாத்துனா போயிடும்னு இருந்துச்சு. மாத்தினேன், போயிடுச்சு. எமுலேட்டர்ல ஆண்ட்ராய்டு 11, அங்கேயும் அருமையா ஓடுச்சு.

ஸ்டோர்ஸ்ல இருந்த ஸ்கேனர்ல ஆண்ட்ராய்டு 8.1. ஆப் திறக்குது, லிஸ்ட் வருது. சேவ் அமுக்கினா மூடிக்குது. அப்செர்ட்டே 2018-ல 3.24-லதான் எஸ்க்யூலைட்டுக்கு வந்துச்சு. 3.19-க்கு அது வெறும் சின்டாக்ஸ் எரர்.

டயலெக்டை மாத்துறதால போன்ல இருக்கிற எஸ்க்யூலைட் மாறாது. என் ஸ்கேனர்ல இந்த வெர்ஷன் இருக்குன்னு நாம பிளகினுக்குக் கொடுக்கிற வாக்குமூலம் அது. நான் பொய் சொன்னேன், அது நம்பிடுச்சு. சொந்தமா புது எஸ்க்யூலைட்டை ஆப்போட சேர்த்துக் கட்டினா மட்டும்தான் டயலெக்டை உயர்த்தணும்.

பழைய வெர்ஷன்ல இதை எப்படி எழுதுறது? முதல்ல எண்ணிக்கை 0-னு வெச்சு 'இன்சர்ட் ஆர் இக்னோர்', அடுத்து அப்டேட். ரெண்டையும் ஒரே பெயருக்குக் கீழ நெளிவு அடைப்புக்குறிக்குள்ள போட்டா, ஒரே டிரான்சாக்‌ஷனா ஓடும். குறுக்கு வழின்னு 'இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ்' போட்டுடாதீங்க. அது பழைய வரியை அழிச்சிட்டுப் புது வரி எழுதும். நீங்க கொடுக்காத காலம் எல்லாம் காலியாயிடும்.

ரெண்டாவது செட்டிங்: மைக்ரேஷன் சரிபார்ப்பு

சில மாசம் கழிச்சு லாட் நம்பர் வேணும்னு கேட்டாங்க. கிரியேட் டேபிள்ல ஒரு காலம் சேர்த்தேன். ஆபீஸ்ல புதுசா இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தேன், ஓகே. ஸ்டோர்ஸ்ல அப்டேட் பண்ணினதும் 'அப்படி ஒரு காலம் இல்லை'ன்னு விழுந்துச்சு. கிரியேட் டேபிள் புது இன்ஸ்டாலுக்கு மட்டும்தான் ஓடும். ஏற்கெனவே இருக்கிற டேபிளை மாத்த '1 டாட் எஸ்க்யூஎம்'னு தனி ஃபைல் எழுதணும். அதுதான் வெர்ஷன் 1-ல இருந்து 2-க்குப் போற வழி. அது இல்லைன்னா பிளகினைப் பொறுத்தவரை வெர்ஷன் இன்னும் 1-தான், எதையும் மாத்தாது.

ஸ்டோர்ஸ் அண்ணன் போன் பண்ணினார். நான் யோசிக்காம, "அண்ணா, செட்டிங்ஸ்ல போய் கிளியர் டேட்டா கொடுத்துடுங்க, சரியாயிடும்"னு சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தம்பி, சாயங்காலத்துல இருந்து ஸ்கேன் பண்ணது இன்னும் மேல போகலையே. அழிஞ்சா கணக்கு உதைக்கும். காலையில கேள்வி என்னைத்தான் கேப்பாங்க"ன்னார்.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ட்ராலி போயிருக்கும், பதிவு இருக்காது. பதில் சொல்ல வேண்டியது அந்த ஷிஃப்ட்ல நின்ன ஆள். '1 டாட் எஸ்க்யூஎம்'ல ஒரு ஆல்டர் டேபிள் எழுதி, புது பில்டை மேலயே இன்ஸ்டால் பண்ணச் சொன்னோம். ஸ்கேன் எல்லாம் அப்படியே இருந்துச்சு. தப்பான பில்டைப் புதுசா இன்ஸ்டால் பண்ணின டிவைஸ் எங்க ஆபீஸ்ல மட்டும்தான் இருந்துச்சு. வெளிய இருந்திருந்தா, அந்தக் காலம் ஏற்கெனவே இருக்குன்னு அங்க வேற எரர் வந்திருக்கும்.

இதை பில்ட்லயே பிடிக்கலாம். ஸ்கீமா அவுட்புட் டைரக்டரியை எஸ்க்யூஎல்டிலைட் ஃபோல்டருக்குள்ள கொடுத்து, ஸ்கீமா ஜெனரேட் பண்ற டாஸ்கை ஓட்டுங்க. '1 டாட் டிபி'ன்னு ஒரு ஃபைல் வரும். இன்னைக்கு வெளிய இருக்கிற டேட்டாபேஸோட போட்டோ மாதிரி அது. கிட்ல கமிட் பண்ணிடுங்க. டேபிளை மாத்துறதுக்கு முன்னாடியே இதை எடுக்கணும். மறந்திருந்தா, ரிலீஸ் பண்ண டேக்குக்குத் திரும்பிப் போய் எடுங்க. அதோட 'வெரிஃபை மைக்ரேஷன்ஸ்'ஸை ட்ரூ ஆக்குங்க. மைக்ரேஷன் ஃபைல்ல தப்பு இருந்தா பில்ட் நிக்கும். தானா அது ஃபால்ஸ்லதான் இருக்கும்.

அடுத்து கிரேடில் 'செக்' ஓடும்போது, பிளகின் அந்தப் பழைய டிபி மேல மைக்ரேஷனை ஓட்டி, புதுசா உருவாகிற டேபிளோட ஒப்பிடும். வித்தியாசம் இருந்தா ஃபெயில். மைக்ரேஷன் எழுதவே மறந்திருந்தாலும் ஃபெயில். சிஐ-ல இந்த 'செக்' கட்டாயம் ஓடணும்.

இப்ப எங்க டீம்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். டயலெக்ட் வரியை யாராவது தொட்டா, ஸ்டோர்ஸ்ல இருக்கிற மாடல் ஸ்கேனர் ஒண்ணுல ஓட்டிக் காட்டணும். 'கிளியர் டேட்டா'ங்கிற வார்த்தையை போன்ல சொல்லவே கூடாது.

சிவப்புக் கோடு வந்தா எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா அது நம்ம லேப்டாப்ல வருது. அதை அணைச்சிட்டா, அதே எரர் ராத்திரி ஷிஃப்ட்ல, நம்ம கோடைப் பார்க்காத ஒருத்தர் கையில வரும்.

உங்க புராஜெக்ட்ல அந்தப் பத்து வரியை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.