எந்த லென்ஸ் வாங்கலாம்?
திராட்சைப் பந்தலுக்குள் ஓர் ஒளியியல் பாடம்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையில் நீங்கள் சென்றிருக்கிறீர்களா? சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களைக் காணலாம். கல்தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, கொடியைப் படர விட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் பச்சைக் கூரை. அதிலிருந்து கருநீலக் கொத்துகள் தொங்கும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுதான்.

இந்தப் பந்தலுக்குள் காமிராவைக் கொண்டு போனவர்களுக்கு ஒன்று தெரியும். கண் காண்பதில் பாதிகூடப் படத்தில் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவர் ஒருவர் இந்தச் சிக்கலோடு என்னிடம் வந்தார்.

"சார், எங்க தாத்தா தோட்டத்துப் பந்தலை அடுத்த மாசம் பிரிக்கப் போறாங்க. கொடிக்கு வயசாயிருச்சு. அதுக்கு முந்தி தாத்தாவையும் பந்தலையும் சேர்த்து ஒரு பெரிய படம் எடுத்து வீட்டுல மாட்டணும். ஃபோன்ல எடுத்தா எல்லாம் வருது, ஆனா பெரிசாக்கினா இலையெல்லாம் கலங்கிப் போகுது. அண்ணன் காமிராவுல எடுத்தா தாத்தா மட்டும்தான் வர்றாரு. அவருக்கும் கால் இல்லாட்டி தலை இல்ல!"

"பின்னால் நகர்ந்து எடுக்கலாமே?" என்றேன்.

"மூணு மீட்டருக்கு மேல போனா தூணும் கொத்தும் தாத்தாவை மறைச்சிருது சார்."

விடுமுறையில் திராட்சைப் பெட்டி கட்டும் வேலைக்குப் போய் அவர் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தார். பழைய லென்ஸ் ஒன்று வாங்க அது போதும். ஒன்றே ஒன்றுதான், தவறாக வாங்கினால் மாற்று வாங்க வழியில்லை. பந்தலைப் பிரித்த பிறகு ஒட்டவும் முடியாது. அதோடு, நாள்தோறும் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டு வரக்கூடிய சிறிய லென்ஸாகவும் அது இருக்க வேண்டும். எதை வாங்குவது? உங்கள் ஒளியியல் பாடத்தைக் கொண்டே இதற்கு விடை காணலாம், வாருங்கள்.

குவியத் தூரமும் காட்சியின் அகலமும்

தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ அதுவே குவியத் தூரம் என்று படித்திருப்பீர்கள். லென்ஸின் மையத்தை உச்சியாகக் கொண்டு இரண்டு முக்கோணங்களை வரையுங்கள். ஒன்று லென்ஸுக்கு முன்னால் விரிந்து காட்சியைத் தொடும். மற்றொன்று பின்னால் விரிந்து பிலிமையோ, இக்காலக் காமிராவின் உணரியையோ தொடும். இவை வடிவொத்த முக்கோணங்கள். ஆகவே,

காட்சியின் அகலம் = காட்சியின் தூரம் × உணரியின் அகலம் ÷ குவியத் தூரம்

மாணவரின் அண்ணன் திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். அவருடைய காமிராவின் உணரி 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. பழைய 35 மி.மீ. பிலிமின் கட்டமும் இதே அளவுதான். அதிலிருந்த லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ. மூன்று மீட்டர் தூரத்தில் அது எவ்வளவு காணும்?

அகலம்: 3 × 36 ÷ 50 = 2.16 மீட்டர். உயரம்: 3 × 24 ÷ 50 = 1.44 மீட்டர். தாத்தாவின் காலோ தலையோ ஏன் வெட்டுப்பட்டது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

வேறு லென்ஸ்களுக்கும் இதே தூரத்தில் கணக்கிடுவோம்:

35 மி.மீ.: அகலம் 3.1 மீட்டர், உயரம் 2.1 மீட்டர்.
28 மி.மீ.: அகலம் 3.9 மீட்டர், உயரம் 2.6 மீட்டர்.
24 மி.மீ.: அகலம் 4.5 மீட்டர், உயரம் 3 மீட்டர்.

குவியத் தூரம் குறையக் குறையக் காட்சி அகலும். அதனால்தான் இவற்றை அகன்ற கோண லென்ஸ்கள் என்கிறோம். இத்தகைய வசதி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858-இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையைப் படமாக்க விரும்பினார். 21 படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்! கல்வெட்டு அசையாது, அதனால் அது முடிந்தது. நம் தாத்தா அப்படி நிற்பாரா?

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் காமிராக்களுக்கும் உணரியின் அகலம் 36 மி.மீ. அன்று. பல காமிராக்களில் அது ஏறத்தாழ 23.5 மி.மீ.தான். அவற்றில் 28 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், மூன்று மீட்டரில் 2.5 மீட்டர் அகலம்தான் கிடைக்கும். அதில் 3.9 மீட்டர் காண வேண்டுமானால் 18 மி.மீ. லென்ஸ் வேண்டும். ஆகவே லென்ஸின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. உணரியின் அளவையும் கேட்டறிய வேண்டும்.

கைபேசிக் காட்சி ஏன் அகலமாக இருந்தது என்பதும் இதிலிருந்து தெரியும். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸ், 36 மி.மீ. உணரியில் 24 முதல் 28 மி.மீ. லென்ஸ் தரும் காட்சிக்கு இணையானதைத் தருகிறது. ஆனால் அதன் உணரி மிகச் சிறியது; பெரும்பாலானவற்றில் 10 மி.மீ. அகலம்கூட இராது. பந்தலின் நிழலில் அதன்மேல் விழும் ஒளி குறைவு. எனவே பெரிதாக்கும்போது படம் கலங்கிவிடுகிறது.

அட்டைச் சோதனை

லென்ஸ் வாங்காமலே அதன் பார்வையைக் கண்டறிய ஒரு வழி உண்டு. பழைய நாட்காட்டி அட்டை ஒன்றில் 36 செ.மீ. அகலமும் 24 செ.மீ. உயரமும் உள்ள செவ்வகத் துளை வெட்டுங்கள். (அட்டை சிறியதானால் எல்லா அளவுகளையும் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.) ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் அட்டையைப் பிடியுங்கள். துளை வழியே தெரிவதுதான் 50 மி.மீ. லென்ஸின் காட்சி. 35 செ.மீ.க்குக் கொண்டு வந்தால் 35 மி.மீ. லென்ஸ், 28 செ.மீ.க்கு வந்தால் 28 மி.மீ. லென்ஸ். எல்லாவற்றையும் பத்து மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம், முக்கோணம் மாறவில்லை.

மாணவரிடம் இந்த அட்டையோடு தோட்டத்துக்குப் போய் வரச் சொன்னேன். மறுநாள் குறித்துக்கொண்டு வந்தார்: 35-இல் தாத்தா முழுதாகத் தெரிகிறார், ஆனால் பந்தல் கூரை ஒட்டி நிற்கிறது, 28-இல் கூரை, கொத்து, இருபுறத் தூண்கள் எல்லாம் வருகின்றன, 24-இல் வேண்டாத வேலியும் வருகிறது.

ஓரத்தில் நிற்பவர் ஏன் பருத்துவிடுகிறார்?

அப்படியானால் 24 மி.மீ. வாங்கி, வேண்டாததைப் பிறகு வெட்டிக் கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அகலத்துக்கு ஒரு விலை உண்டு. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் லென்ஸில், நடுவிலிருந்து விலகி நிற்கும் உருண்டையான பொருள் வெளிப்புறமாக நீண்டு பதியும். விலகல் கோணத்தின் கொசைன் மதிப்பால் 1-ஐ வகுத்தால் அந்த நீட்சி கிடைக்கும். படத்தின் வலது, இடது ஓரங்களில் 50 மி.மீ. லென்ஸில் இது 6 சதவீதம், 35-இல் 12, 28-இல் 19, 24-இல் 25 சதவீதம். 15 செ.மீ. அகலமுள்ள முகம் 28 மி.மீ. லென்ஸின் ஓரத்தில் 18 செ.மீ. போலத் தெரியும்!

எங்கள் கல்லூரியில் ஒருமுறை ஆசிரியர் குழுப்படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இடம் போதாமல் 24 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். வரிசையின் இரு முனைகளிலும் நின்ற நண்பர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. கொசைன் மதிப்பை விளக்கியும் பயனில்லை.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிவது லென்ஸின் குற்றம் அன்று, தூரத்தின் விளைவு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். 40 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கு, காதைவிட 1.3 மடங்கு பெரிதாக்கப்படும். 2 மீட்டரிலிருந்து பார்த்தால் 1.06 மடங்குதான். அகன்ற கோண லென்ஸ் நம்மை அருகில் போகத் தூண்டுவதால் பழி அதன்மேல் விழுகிறது.

ஒளித்துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

லென்ஸின்மேல் எஃப்/2.8, எஃப்/1.4 என்றெல்லாம் எழுதியிருக்கும். குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒளித்துளையின் விட்டம் வரும். 28 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 என்றால் 10 மி.மீ.; எஃப்/1.4 என்றால் 20 மி.மீ. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஒளியும் நான்கு மடங்கு. ஆனால் கண்ணாடியும் பெருக்கும், எடையும் கூடும், விலையும் ஏறும்.

நம் தேவைக்கு எஃப்/2.8 போதும். காரணங்கள் இரண்டு. முதலாவது, கை நடுங்கும்போது பிம்பம் நகரும் அளவு குவியத் தூரத்தைப் பொறுத்தது. 50 மி.மீ. லென்ஸில் நகர்வதில் பாதியைச் சற்றே கடந்த அளவுதான் 28-இல் நகரும். எனவே ஒரு நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரம் வரை கையில் பிடித்தே எடுக்கலாம். இரண்டாவது, தாத்தாவும் தெளிவாக வேண்டும், பின்னாலுள்ள தூண்களும் தெளிவாக வேண்டும். எஃப்/2.8-இல் 3 மீட்டருக்குக் குவியப்படுத்தினால் சுமார் 2.3 முதல் 4.4 மீட்டர் வரைதான் தெளிவு. துளையை எஃப்/8-க்குச் சுருக்கினால் 1.6 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு அப்பாலும் தெளிவு நீளும். எப்படியும் சுருக்கத்தான் போகிறோம்; பெரிய துளைக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? எஃப்/8-இல் ஒளி குறையுமே என்றால், காமிராவை முக்காலியில் நிறுத்திவிட்டால் போயிற்று.

ஜூம் வேண்டாமா?

ஜூம் லென்ஸில் குவியத் தூரத்தை மாற்றிக் கொள்ளலாம். அது வசதிதான். ஆனால் அதற்காகப் பல கண்ணாடிகள் உள்ளே நகர வேண்டும். ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஏறத்தாழ 4 சதவீதம் எதிரொளிக்கிறது. ஜெர்மனியில் பால் ருடால்ஃப் 1902-இல் வடிவமைத்த புகழ்பெற்ற டெஸ்ஸார் லென்ஸில் நான்கு கண்ணாடிகள். அவற்றில் இரண்டு ஒட்டப்பட்டவை. எனவே காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. பூச்சு இல்லாவிட்டாலும் 78 சதவீத ஒளி கடந்து செல்லும். அதே நிலையில் 24 பரப்புகள் இருந்தால் 38 சதவீதம்தான் மிஞ்சும்! 1935-இல் அலெக்சாந்தர் ஸ்மக்குலா கண்டறிந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு வந்த பிறகே பல கண்ணாடி லென்ஸ்கள் நன்கு பயன்பட்டன. ஆயினும், பந்தல் இடுக்கில் சூரியன் நேராக எட்டிப் பார்க்கும்போது, பரப்புகள் குறைந்த லென்ஸே பாதுகாப்பு. குவியத் தூரம் மாறாத இத்தகைய லென்ஸைக் கடைக்காரர்கள் பிரைம் லென்ஸ் என்பார்கள்.

சிறியது, ஆனால் எளியதன்று

28 மி.மீ. லென்ஸ் என்றால் அது உணரிக்கு 28 மி.மீ. அருகில் இருக்க வேண்டுமல்லவா? கண்ணாடி எதிரொளிப்பான் கொண்ட காமிராவில் அது இயலாது. எடுத்துக்காட்டாக, 1959-இல் வந்த நிக்கான் எஃப் காமிராவில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் பிலிமுக்கும் 46.5 மி.மீ. இடைவெளி. நடுவில் எதிரொளிப்பான் மேலும் கீழும் ஆட வேண்டும். பிரான்சு நாட்டின் பியர் ஆஞ்செனியூ 1950-இல் இதற்கு வழி சொன்னார். முன்னால் ஒளியை விரிக்கும் குழிலென்ஸ், பின்னால் குவிக்கும் குவிலென்ஸ். இதனால் குவியத் தூரம் குறைவாகவே இருக்க, லென்ஸ் தள்ளி நிற்க முடிகிறது. இதற்குக் கூடுதல் கண்ணாடிகள் தேவைப்படுவதால் லென்ஸ் கொஞ்சம் நீளும்.

எதிரொளிப்பான் இல்லாத இன்றைய காமிராக்களில் இந்தத் தொல்லை குறைவு. 2018-இல் வந்த நிக்கான் இசட் வகையில் இடைவெளி 16 மி.மீ.தான். 2023-இல் அதற்கென வந்த 26 மி.மீ. லென்ஸ் ஒன்றின் எடை 125 கிராம். நீளம் இரண்டரை செ.மீ.கூட இல்லை!

பந்தலில் நடந்தது

நம் மாணவர் மதுரைக்குப் போய், பழைய 28 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் ஒன்றைக் காமிராவில் பொருத்திப் பார்த்து வாங்கினார். மறுநாள் காலையில் தாத்தாவைப் பெரிய கொத்தின் கீழே, படத்தின் ஓரத்தில் நிறுத்தினாராம். பிறகு 19 சதவீதம் நினைவுக்கு வர, நடுவுக்கு அழைத்து வந்திருக்கிறார். துளையை எஃப்/8-க்குச் சுருக்கி, முக்காலியில் வைத்து எடுத்தார்.

அந்தப் பந்தல் இப்போது இல்லை. படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் தாத்தா முதலில் செய்தது தூண்களை எண்ணியதுதான். "பதினொண்ணுதான் இருக்கு. பன்னெண்டாவது எங்கடா?" என்று கேட்டாராம். அது அவருக்குப் பின்னால் மறைந்திருந்தது. எந்த லென்ஸும் அதைக் காட்டாது!

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் வகுப்பறையின் கரும்பலகைச் சுவர் 6 மீட்டர் அகலம். அதிலிருந்து 5 மீட்டர் தூரம்தான் பின்னால் செல்ல முடியும். 36 மி.மீ. உணரியுள்ள காமிராவில் சுவர் முழுவதும் வர எந்த லென்ஸ் வேண்டும்? விடை கண்டபின் அட்டையைப் பிடித்துச் சரிபாருங்கள்.

(விடை: 36 × 5 ÷ 6 = 30 மி.மீ. கடையில் கிடைப்பவற்றில் 35 போதாது, 28 பொருந்தும்.)