எந்த ரோகு வேகமாக வளரும்?

ஒரே வயதுள்ள இரண்டு ரோகு மீன்களில் ஒன்று ஒரு கிலோவும் மற்றது அரைக் கிலோவும் இருந்தால், முதல் மீனின் கால்வழியே உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அது வளர்ந்த குளத்தில் குஞ்சுகள் குறைவாக விடப்பட்டிருக்கலாம். தீவனம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். மீனின் எடையில் பிறப்பின் பங்கும் வளர்ப்பின் பங்கும் கலந்தே இருக்கின்றன. பொரிப்பகக் கால்வழிகளை ஒப்பிடுவது என்றால் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

இந்தியாவில் இது முறையாக நடந்த இடம் புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம். 1992இல் நார்வே ஆய்வாளர்களுடன் சேர்ந்து தொடங்கிய திட்டத்துக்காகக் கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லஜ் ஆறுகளிலிருந்து ரோகு மீன்கள் கொண்டுவரப்பட்டன. நிறுவனத்தின் பண்ணை மீன்களும் சேர்ந்தன. ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுகளும் முதலில் தனித்தனியே வளர்க்கப்பட்டன. ஓரளவு வளர்ந்ததும் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் அரிசிமணி அளவிலான மின்னணுச் சில்லு ஊசியால் செலுத்தப்பட்டது. அதன்பின் எல்லாக் குடும்பத்து மீன்களும் ஒரே குளத்தில் விடப்பட்டன. அறுவடையின்போது வருடு கருவியை மீனருகே காட்டினால் அதன் எண் தெரியும். எண்ணைக் கொண்டு தாய், தந்தை, அவற்றின் பூர்வீகம் எல்லாம் தெரியும். ஒரே தண்ணீர், ஒரே தீவனம் என்பதால் எடை வேறுபாட்டில் பிறப்பின் பங்கைக் கணக்கிட முடிந்தது.

வெவ்வேறு ஆற்றுக் கால்வழிகளைக் கலந்தால் குஞ்சுகள் பெற்றோரை மிஞ்சும் என்ற எதிர்பார்ப்பு பெரிதாகப் பலிக்கவில்லை. பயன் தந்தது தேர்வுதான்: நன்றாக வளர்ந்த குடும்பங்களின் மீன்களே அடுத்த தலைமுறைக்குச் சினைமீன்களாயின. சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டான 1997இல் ‘ஜெயந்தி’ ரோகு வெளிவந்தது. வளர்ச்சி தலைமுறைக்குச் சராசரியாக 17% கூடியது. இதே வேகம் நீடித்தால் நான்கு தலைமுறையில் எடை ஏறத்தாழ 1.87 மடங்காகும்.

கவனிக்காத பொரிப்பகத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. சில சினைமீன்களையே வைத்து ஆண்டுதோறும் குஞ்சு எடுத்தால் உறவுக்குள் இனப்பெருக்கம் கூடும். வளர்ச்சியும் பிழைப்பும் குன்றும். கர்நாடகப் பொரிப்பகங்களில் இந்தப் போக்கை 1980களிலேயே ஏக்நாத், டாயில் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். குஞ்சு வாங்கும் விவசாயிக்கு இது கண்ணால் தெரியாத இழப்பு. தீவனச் செலவு முழுதாக ஆகும், மீன் மட்டும் எடை போடாது.

ஒரு வட்டாரத்தில் முந்தும் கால்வழி இன்னொரு வட்டாரத்திலும் முந்த வேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டத்தில் குளிர்கால இரவுகள் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். தண்ணீர் குளிர்ந்தால் ரோகு இரை எடுப்பது குறையும். ஆகவே அந்தந்த ஊர்க் குளத்தில் குறைந்தது ஒரு பருவமாவது சேர்த்து வளர்த்துப் பார்த்த கணக்கே நம்பத்தக்கது.

அதே மாவட்டத்தின் லோணாவலாவில் ஒப்பீட்டின் இன்னொரு பக்கம் தெரிகிறது. புணே வழியாக ஓடும் முளா-முட்டா ஆற்று மீனைக் கொண்டு இயற்கையியலாளர் சைக்ஸ் 1839இல் விவரித்த இனம் நீலத்துடுப்பு மஹசீர். வல்வண் அணையருகே டாடா பவர் நிறுவனத்தின் பொரிப்பகம் 1970களிலிருந்து அதன் குஞ்சுகளைப் பல மாநிலங்களுக்கு அனுப்பியது. மறையும் நிலையிலிருந்த இனத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. அங்கே அவை நன்றாகப் பெருகின. காவிரிக்கே உரிய திமில் மஹசீரோ குறைந்துகொண்டே போனது. 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடிய அந்த மீனுக்கு உரிய அறிவியல் பெயர் 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டது.

குளத்தில் விடும் குஞ்சுக்கு வளர்ச்சி வேகமே முதல் கேள்வி. ஆற்றில் விடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த ஆற்றில் ஏற்கெனவே எந்த மீன் வாழ்கிறது என்பது.