போதிகை கூறும் வரலாறு

கோயிலுக்குச் செல்வோர் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர். கருவறைமுன் கைகூப்பி நிற்பர். தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் போதிகையை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், கல்வெட்டு இல்லாத மண்டபம் எக்காலத்தது என்பதை உய்த்துணர அச்சிறு கல் பெரிதும் துணைசெய்யும்.

இதனை முறைப்பட ஆராய்ந்தவர், புதுச்சேரியில் ஆசிரியராய் விளங்கிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் ஆவார். அவர் ஏடுகளோடு அமையாது, சிற்பிகளையே அணுகிக் கோயில் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தார். காலம் தெரிந்த கோயில்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்டார். அவர்தம் நூல் 1914-இல் வெளிவந்தது. பல்லவர் காலப் போதிகை வளைந்து, பெரும்பாலும் அலைபோன்ற வரிகளைக் கொண்டிருக்கும். சோழர் காலத்தில் வளைவு நீங்கிச் சரிவான வெட்டு வந்தது. அதன் நடுவே ஒரு முனை நீண்டது. விசயநகரர் காலத்தில் அம்முனையே மொட்டாக முகிழ்த்தது. நாயக்கர் காலத்திலோ அது வாழைப்பூவெனத் தொங்கலாயிற்று. ஒன்றினின்று ஒன்று கிளைத்த இவ்வளர்ச்சி வியக்கத்தக்கதன்றோ!

ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியில் இவ்வாராய்ச்சி அத்துணை எளிதன்று. நுளம்பர், சோழர், போசளர், விசயநகரர் எனப் பலர் ஆண்ட எல்லைநிலம் அது. தமிழ்க் கல்வெட்டும் கன்னடக் கல்வெட்டும் அங்குக் கிடைக்கின்றன. போசளர் தம் நாட்டில் மென்மையான மாக்கல்லில் தூண்களைக் கடைந்தெடுத்தனர். இங்குள்ளதோ கருங்கல், அது உளிக்கு எளிதில் இணங்காது. ஆதலின், ஆண்டவர் போசளர் என்பது கொண்டே கட்டடமும் அவர்தம் பாணியது எனத் துணிதல் கூடாது. அரசு மாறிய அன்றே சிற்பியின் கை மாறிவிடுவதில்லை.

இன்று ஓசூரைச் சூழத் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. அக்கருங்கல்லும் பலகைகளாக அறுக்கப்பட்டு அயல்நாடுகளுக்குச் செல்கின்றது. ஊர் வளர வளரப் பழங்கோயில்களும் புதுப்பிக்கப்படுகின்றன. புதுப்பித்தல் நன்றே. ஆனால், பழந்தூண்களைப் பெயர்த்தெறிந்தாலும், போதிகைமீது வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசினாலும், காலம் காட்டும் அடையாளம் மறைந்தொழியும். கல்வெட்டையேனும் படியெடுத்து வைக்கின்றோம். போதிகையை வரைந்து வைப்பார் அரியர்.

ஓசூர்க் குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில் உள்ளது. அங்குச் செல்லும் மாணவர் ஒரு குறிப்பேட்டை உடன்கொண்டு செல்க. மண்டபந்தோறும் நின்று போதிகையை வரைந்து, வளைவா, வெட்டா, மொட்டா என்று அருகில் எழுதுக. ஒரே கோயிலில் வெவ்வேறு வடிவங்கள் காணப்படுமாயின், எது முன்னது, எது பின்னது என ஆசிரியரோடு ஆராய்க.